ஐந்து நிமிடச் சிரிப்பும் ஐம்பதாயிரம் சீட்டுகளும்

(வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் அமைந்துள்ளது. அரும்பொருள்கள் பலவற்றைப் பேணிவரும் அந்த அருங்காட்சியகத்தின் தொகுப்பில் எஃகு அலமாரி ஒன்றும் உண்டு. பழைய நூலகங்களில் நூற்பட்டியல் சீட்டுகளை வைத்திருப்பார்களே, அதைப் போன்ற அலமாரிதான். அதில் 48 சிறிய இழுப்பறைகள் இருக்கின்றன. இடம் போதாமற்போகவே மேலும் 3 இழுப்பறைகள் கொண்ட சிறு பெட்டி ஒன்று சேர்க்கப்பட்டது. அவற்றினுள்ளே 3 அங்குலத்துக்கு 5 அங்குலம் என்ற அளவில் 52,569 சீட்டுகள் உள்ளன. சீட்டுக்கு ஒன்றாகத் தட்டச்சில் பொறிக்கப்பட்டிருப்பவை நகைச்சுவைத் துணுக்குகள். அவையும் கலைந்து கிடக்கவில்லை. பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டு அகரவரிசையில் அடுக்கப்பட்டுள்ளன.

இந்த அலமாரியை 2003ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்துக்கு வழங்கியவர் பிலிஸ் டில்லர் என்னும் மேடைக் கலைஞர். மேடையில் அவர் ஏற்ற வேடமோ, வீட்டைப் பெருக்காத, சமைக்கத் தெரியாத, வைத்த பொருளை வைத்த இடத்தில் காணமுடியாத ஓர் இல்லத்தரசியின் வேடம். அந்த அலங்கோலத்துக்குப் பின்னால் இருந்தது இத்தனை ஒழுங்கான அலமாரி! இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவுதான் இன்றைய உரையின் பொருள். மேடையில் தனியாக நின்று ஐந்து நிமிடம் மக்களைச் சிரிக்கவைப்பது எப்படித் திட்டமிடப்படுகிறது, எப்படி நிகழ்த்தப்படுகிறது என்பதை அந்தத் தொலைவை அளப்பதன் மூலம் ஓரளவு அறியலாம்.

நகையும் அதன் நிலைக்களனும்

அமெரிக்காவில் ‘ஸ்டாண்ட் அப் காமெடி’ என வழங்கும் இக்கலையைத் தனியாள் நகைச்சுவை எனலாம். நாடகத்தில் கலைஞனுக்குத் துணைப் பாத்திரங்கள் உண்டு, காட்சித்திரை உண்டு, கதை உண்டு. தனியாள் நகைச்சுவையில் இவை ஒன்றும் இல்லை. ஓர் ஒலிவாங்கி, ஒரு விளக்கு, எதிரே முன்பின் அறியாத மக்கள். கதையில் ஓரிடம் சோர்ந்தால் அடுத்த இடம் தூக்கி நிறுத்தும் என்ற ஆறுதலும் இதில் கிடையாது. சிரிப்பு எழுந்ததா இல்லையா என்பது அந்தக் கணமே எல்லார் காதிலும் விழுந்துவிடும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனையும் எண்ணும்போது நகையையே முதலில் வைக்கிறார். அது பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்கிறார். எள்ளலுக்கு உரை கூறும் பேராசிரியர் அதனை இரண்டாகப் பகுத்துக் காட்டுவார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானும் நகுதல் மற்றொன்று. இந்தப் பகுப்பு மிக நுட்பமானது. முதலாவது எளிது, அது எவருக்கும் வரும். இரண்டாவதற்கு நெஞ்சுரம் வேண்டும். டில்லர் தம் கலையை எழுப்பிய இடம் அந்த இரண்டாவது வகைதான். பிறர் எள்ளும்வரை காத்திராமல், தம்மைத் தாமே எள்ளி அவர் முந்திக்கொண்டார்.

முப்பத்தேழாம் வயதில் ஒரு தொடக்கம்

ஒஹாயோ மாநிலத்தின் லைமா நகரில் 1917இல் பிறந்த டில்லர், இளமையில் சிகாகோவில் பியானோ இசை பயின்றவர். 1939இல் திருமணம் செய்துகொண்டார். பின்னாளில் குடும்பம் கலிபோர்னியாவின் அலமீடாவில் குடியேறியது. ஐந்து குழந்தைகள். கணவருக்கு வேலை நிலைக்கவில்லை. கடன் தொல்லை இருந்தது. வீட்டுச் செலவுக்காக அவர் வேலைக்குப் போனார். ஓக்லாந்தில் விளம்பர வாசகம் எழுதினார். வானொலி நிலையத்துக்கும் எழுதினார்.

விளம்பர வாசகம் எழுதும் பணி, நகைச்சுவை எழுதப் போகிறவருக்கு நல்ல பயிற்சிக் கூடம் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். இத்தனை நொடிக்குள் முடிய வேண்டும், கேட்பவர் மனத்தில் ஒரு சொல்லாவது தைக்க வேண்டும், வீண் சொல் ஒன்றும் கூடாது என்பவை அங்கே நாள்தோறும் கட்டாயம். இலக்கணம் வேறெங்கிருந்தோ வந்ததன்று, வயிற்றுப்பாட்டிலிருந்து வந்தது.

நண்பர்களையும் அக்கம்பக்கத்தாரையும் சிரிக்கவைக்கும் மனைவியை, இதையே தொழிலாகக் கொள்ளும்படி வற்புறுத்தியவர் கணவர்தான். 1955ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், சான்பிரான்சிஸ்கோவில் ‘பர்ப்பிள் ஆனியன்’ என்ற சிறிய நிலவறை அரங்கில் டில்லர் முதன்முதலாகத் தொழில்முறைக் கலைஞராக மேடை ஏறினார். அப்போது அவருக்கு வயது 37. இரண்டு வார ஒப்பந்தம் அது. அது நீண்டு நீண்டு 89 வாரங்கள் நடந்தது.

அவருக்கு முன் அமெரிக்க மேடையில் நகைச்சுவைப் பெண்கள் இல்லை என்பதன்று. ‘மாம்ஸ்’ மேப்லி இருந்தார். ஜீன் கேரல் இருந்தார். எனினும் இரவு விடுதிகளின் ஒலிவாங்கி அந்நாளில் பெரும்பாலும் ஆண்களின் உடைமையாகவே இருந்தது. ஆண்கள் அங்கே நின்று மனைவியைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் கேலி பேசினார்கள். கேலிக்கு ஆளான மனைவியே மேடையேறி அந்த ஒலிவாங்கியைக் கையில் எடுத்தது ஒரு பெரிய திருப்பம் என்றே சொல்ல வேண்டும். அவர் ‘ஃபாங்’ என்று ஒரு கணவனைப் படைத்தார். சோம்பேறியான, ஒன்றுக்கும் உதவாத அந்தக் கணவன் கற்பனைப் பாத்திரமே என்பார் டில்லர். அரங்கில் இருந்த மனைவிமார் சிரித்த சிரிப்பைக் கேட்டால், ஃபாங் பல வீடுகளில் குடியிருந்தான் என்றே தோன்றும்.

ஒரு துணுக்கு உருவாகும் விதம்

ஒரு நகைச்சுவைத் துணுக்குக்கு உறுப்பு இரண்டு. முதலாவது, கேட்பவரை ஒரு திசையில் நடத்திச் செல்வது. இரண்டாவது, எதிர்பாராத இடத்தில் அவரைத் திருப்பி நிறுத்துவது. இதில் பெரும்பாலோர் செய்யும் பிழை, திருப்பத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுவதாகும். இதனை ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்த்தால் விளங்கும். சமைக்கத் தெரியாத ஒரு தாய் மேடையில் பேசுவதாகக் கொள்க. முதல் வரைவு இப்படி அமையக்கூடும்:

“எனக்குச் சமையல் அவ்வளவாக வராது, எல்லாம் கருகிவிடும், ஆகையால் புகை வந்தால் சாப்பாடு தயார் என்று தெரிந்துகொண்டு என் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.”

செய்தி முழுமையாக இருக்கிறது. சிரிப்பு மட்டும் இல்லை. ‘சமையல் வராது’ என்று தொடங்கிய உடனேயே கேட்பவர் முடிவை ஊகித்துவிட்டார். ‘கருகிவிடும்’ என்றதும் எஞ்சியதும் போயிற்று. இரண்டாம் வரைவு:

“எங்கள் வீட்டில் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவதே இல்லை. புகையைப் பார்த்ததும் தாமே வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.”

இப்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. முதல் வாக்கியத்தைக் கேட்பவர், எவ்வளவு ஒழுங்கான பிள்ளைகள் என்று எண்ணுகிறார். அது நன்று. ஆனால் இரண்டாம் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே ‘புகை’ வந்துவிடுகிறது. சிரிப்பு அங்கே எழும். பேசுபவரோ இன்னும் நான்கு சொற்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். எழுந்த சிரிப்பை அவருடைய வாக்கியமே அடக்கிவிடும். மூன்றாம் வரைவு:

“எங்கள் வீட்டில் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவதே இல்லை. தாமே வந்து உட்கார்ந்துவிடுவார்கள், புகையைப் பார்த்ததும்.”

மாறியது சொற்கள் அல்ல, சொற்களின் வரிசை. தமிழில் வினை ஈற்றில் நிற்பது இயல்பு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லை எளிதாக ஈற்றில் நிறுத்தலாம். அதனால் தமிழில் இக்கலை இயலாது என்று எண்ண வேண்டியதில்லை. வினைக்குப் பின்னே ஒரு தொடரை ஒட்டிப் பேசுவது தமிழ்ப் பேச்சுவழக்கில் என்றும் உள்ளதுதான். திண்ணையிலும் கிணற்றடியிலும் கதை சொல்லிச் சிரிக்கவைப்பவர்கள் இலக்கணம் படிக்காமலே இதைச் செய்துவருகிறார்கள்.

ஈற்றுச் சொல்லின் ஓசையும் கருதத்தக்கது. நீல் சைமன் எழுதி 1972இல் அரங்கேறிய ‘தி சன்ஷைன் பாய்ஸ்’ நாடகத்தில், முதிய நகைச்சுவை நடிகர் ஒருவர் ‘க்’ ஒலி உள்ள சொற்களே சிரிப்பூட்டுபவை என்று வகுப்பு நடத்துவார். அது முழு உண்மையா என்பது வேறு. வல்லின ஓசையில் வெட்டென நிற்கும் சொல், இழுபட்டு ஓயும் சொல்லைவிட நன்றாகத் தைக்கும் என்பதை மேடை ஏறியவர்கள் பலர் பட்டறிவால் உணர்ந்துள்ளனர். எதுகையும் மோனையும் அறிந்த அவைக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கழித்தலும் வரிசைப்படுத்தலும்

இனி, ஐந்து நிமிட நிகழ்ச்சிக்கு எத்தனை துணுக்குகள் வேண்டும்? டில்லர் சிறு துணுக்குகளை அடுக்கடுக்காக, மிக விரைந்து சொல்பவர். நிமிடத்துக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்துக்கு ஐம்பது. அவருடைய அலமாரியில் இருந்தவை ஐம்பதாயிரத்துக்கு மேல். ஆயிரத்தில் ஒன்றைத் தேர்ந்தால் ஒரு சிறு நிகழ்ச்சி உருவாகும். இதிலிருந்து பெறப்படும் செய்தி ஒன்று உண்டு. நகைச்சுவைக் கலைஞரின் பெரும்பணி புதிதாகக் கண்டுபிடிப்பது மட்டுமன்று. பிரிய மனமில்லாதவற்றையும் கழித்துக்கட்டுவதாகும்.

அத்தனை துணுக்குகளையும் டில்லரே எழுதினார் என்பதும் இல்லை. பிறர் எழுதி அனுப்பியவற்றை விலைக்கு வாங்கியும் சேர்த்தார். அப்படி அனுப்பியவர்களுள் விஸ்கான்சின் மாநிலத்து இல்லத்தரசி ஒருவரும் இருந்தார். அவருக்கும் ஐந்து குழந்தைகள். அடுப்படியில் பிறந்த எரிச்சல் ஒன்று தபாலில் போய் மேடையில் சிரிப்பாகி, எழுதியவருக்குக் காசோலையாகத் திரும்பி வந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

தேர்ந்தவற்றை வரிசைப்படுத்துவது அடுத்த பணி. இதில் சில நெறிகள் பொதுவானவை. மிகச் சிறந்த துணுக்கு இறுதிக்கு. அதற்கு அடுத்த சிறப்புடையது தொடக்கத்துக்கு. முதல் அரை நிமிடத்துக்குள் அவை சிரித்துவிட வேண்டும். இந்த ஆளை நம்பலாம் என்ற உறுதி அப்போதுதான் பிறக்கும். அதன்பின் ஒரே பொருள் பற்றிய துணுக்குகளை ஒருங்கே சேர்க்க வேண்டும். சமையலுக்கு ஒருமுறை முன்னுரை சொல்லிவிட்டால் அடுத்து வரும் நான்கு சமையல் துணுக்குகளுக்கு முன்னுரை வேண்டுவதில்லை. நான்கும் மேலும் சுருங்கும். தொடக்கத்தில் சொன்ன ஒன்றை, அவை மறந்திருக்கும் நேரத்தில், வேறொரு பொருளின் நடுவே திரும்பக் கொண்டுவருவது மற்றோர் உத்தி. மேலே சொன்ன புகை, நான்கு நிமிடம் கழித்துக் கணவரைப் பற்றிய பேச்சில் மீண்டும் எழுந்தால், அவையோர் தமக்கும் கலைஞருக்கும் மட்டுமே தெரிந்த ஓர் இரகசியம் போல அதனை வரவேற்பார்கள். டில்லரின் அலமாரி பொருள்வாரியாக அமைந்திருந்ததன் பயன் இப்போது விளங்கும். அது சேமிப்புக் கிடங்காக மட்டும் இருக்கவில்லை. நிகழ்ச்சியைக் கட்டும் பட்டறையாகவும் இருந்தது.

மேடையில்

எழுத்தில் முடிந்த நிகழ்ச்சி பாதி நிகழ்ச்சியே. மறுபாதி அவையிடம் இருக்கிறது. தொடக்க நாள்களில் டில்லர் பாடல்களைக் கேலியாகப் பாடியும், பல்வேறு பொருள்களைக் கையில் எடுத்துக் காட்டியும் நிகழ்ச்சி நடத்தினார். போகப்போக அவற்றையெல்லாம் களைந்தார்; சொல் மட்டும் மிஞ்சியது. மேடையில் ஓராண்டுக்கு மேல் ஒரே அரங்கில் நிற்க வாய்த்தது பெரும்பேறு. நேற்றைய அவை சிரித்த இடத்தில் இன்றைய அவை சிரிக்கவில்லையென்றால் குறை எங்கே என்று பார்க்க, நாளை மறுபடியும் ஒரு மேடை இருந்தது. இத்தகைய கலைஞர்கள் தம் நிகழ்ச்சியை ஒலிநாடாவில் பதிந்து, மறுநாள் தனியே இருந்து கேட்டுத் திருத்துவதும் உண்டு. நாடாவில் தம் குரலைக் கேட்க எவருக்கும் விருப்பமிராது. ஆயினும் எந்தச் சொல்லுக்குச் சிரிப்பு எழுந்தது, எந்தச் சொல் வெறுமனே விழுந்தது என்பதை அது ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடும்.

மேடையில் அறிய வேண்டியவற்றுள் தலையாயது மௌனம். சிரிப்பு எழும்போது பேசக்கூடாது. அது முற்றும் ஓயும்வரை காத்திருக்கவும் கூடாது. பொங்கி இறங்கத் தொடங்கும் நேரத்தில் அடுத்த சொல் எழ வேண்டும். முந்தினால் சிரிப்பு வெட்டுப்படும்; பிந்தினால் அரங்கு குளிர்ந்துவிடும். டில்லர் இதற்குத் தம் சிரிப்பையே கருவியாக்கினார். கொக்கரிப்பது போன்ற அவருடைய உரத்த சிரிப்பு உலகறிந்தது. அது துணுக்கு முடிந்தது என்பதற்கு அடையாளம். சிரிக்கத் தயங்குவோர்க்கு அழைப்பு. அடுத்ததற்கு மூச்சு வாங்கிக்கொள்ளவும் இடம்.

உடையும் திட்டமிட்டதே. பையைக் கவிழ்த்தது போன்ற தொளதொளத்த ஆடை, எல்லாத் திசையிலும் எழுந்து நிற்கும் தலைமயிர், கையில் நீண்ட சிகரெட் குழல். அந்த ஆடைக்குள்ளே இருந்தது நல்ல உடற்கட்டு. தம் உடல் அழகற்றது என்று அவர் சொல்லும் கேலிக்கு அது தடையாகும் என்பதாலேயே அதனை மறைத்தார். அவர் புகைபிடிப்பவரும் அல்லர். சிகரெட் மரத்தால் ஆன பொய்ப்பொருள். ஆடையும் சிகரெட்டும் ஆளை அறிமுகப்படுத்திவிட்டதால், ‘நான் இப்படிப்பட்டவள்’ என்று சொல்ல ஒரு நொடியும் செலவிட வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பின்னும் தோல்வி வரும். வாஷிங்டன் நகரத்து விடுதி ஒன்றில் ஓர் இரவு நிகழ்ச்சி எடுபடவில்லை. அன்று அவையில் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் அமர்ந்திருந்தார். அவர் கண்ணில் படாமல் நழுவிவிட எண்ணிய டில்லரை அவரே நிறுத்திப் பாராட்டினார் என்று டில்லர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1966 முதல் 1968 வரை இருவரும் மூன்று திரைப்படங்களில் சேர்ந்து நடித்தனர். அவை சிரிக்காத இரவிலும் அமைப்பின் திறத்தை அறிந்தவர் அறிந்துகொண்டார். எனினும் அத்தகைய ஒருவர் ஒவ்வோர் இரவும் அரங்கில் இருப்பதில்லை. சிரிப்பு எழாத இரவைத் தாங்கிக்கொண்டு மறுநாள் இழுப்பறையைத் திறப்பதே இக்கலையின் கடினமான பகுதி.

ஒரு தடையும் விடையும்

டில்லரின் கலைமீது ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. ஒரு பெண் தன் முகத்தையும் உடலையும் சமையலையும் தானே இழித்துப் பேசி ஆண்களையும் சிரிக்கவைத்தது, ஆண்கள் ஏற்கெனவே செய்துவந்த கேலிக்கு ஒப்புதல் கொடுத்ததாகாதா என்பதே அது. இத்தடையை எளிதில் தள்ளிவிட முடியாது. மேடையில் ஒருவர் தம்மையே இழித்துரைப்பதை ஆயிரம் முறை கேட்ட அவை, அதை வேடம் என்று மறந்துபோகக்கூடும். சொல்பவர் நெஞ்சிலும் அதன் தழும்பு எஞ்சக்கூடும். 1970களில் அவர் முகச்சீரமைப்பு அறுவை செய்துகொண்டு அதனை வெளிப்படையாகப் பேசியதைத் துணிவு என்பாரும் உண்டு. அந்தத் தழும்பின் அறிகுறி என்பாரும் உண்டு.

ஆயினும் மறுபக்கமும் காணத்தக்கது. அக்காலத்துப் பத்திரிகைகளும் விளம்பரங்களும் பளபளக்கும் தரையும், பொன்னிறமாக வெந்த பண்டமும், மாலையில் புன்னகையுடன் வாசலில் நிற்கும் மனைவியுமாகவே இல்லத்தைக் காட்டின. அப்படி இருக்க இயலாத பல்லாயிரம் பெண்கள், குறை தம்மிடமே என்று எண்ணி மறுகினர். அந்த விளம்பரங்களை எழுதும் தொழிலிலேயே இருந்த ஒருவர் மேடையேறி, தம் வீட்டுத் தரை அழுக்கு, தம் சோறு கருகல் என்று அறிவித்துவிட்டு உரக்கச் சிரித்தார். கேட்டவர்கள் அவரைப் பார்த்து மட்டும் சிரிக்கவில்லை; நெடுநாள் இறக்கிவைக்க முடியாத ஒரு சுமையை இறக்கிவைத்தும் சிரித்தார்கள். பேராசிரியர் காட்டிய இரண்டாம் வகை எள்ளல் அப்போது ஒருவருடையதாக இல்லாமல் அரங்கு முழுவதற்கும் உரியதாயிற்று.

டில்லர் 2002இல் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே அலமாரியை அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார். 2012இல், 95ஆம் வயதில் மறைந்தார். 2017இல் தன்னார்வலர்கள் பலர் கூடி, அந்த ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகளையும் படித்துக் கணினியில் படியெடுத்து முடித்தனர்.

சான்றோர்களே, சுவடிகளைத் தேடித் தொகுத்து, படியெடுத்து, பாடம் ஒப்பிட்டுப் பதிப்பித்த பெரியோர்களின் வழியில் வந்தது தமிழ் உலகம். ஒரு பாட்டின் ஒரு சீருக்காக ஓர் இரவு விழித்திருப்பதன் அருமையை அறிந்த அவை இது. அத்தகைய அவைக்கு ஒரு விண்ணப்பத்துடன் இவ்வுரை நிறைவுறுகிறது. விழா மேடையில் ஒருவர் ஐந்து நிமிடம் பேசிச் சிரிக்கவைத்துவிட்டு இறங்கும்போது, ‘வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போகிறார்’ என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லத் தோன்றுமளவுக்கு அவர் உழைத்திருக்கிறார் என்பதே அதன் பொருள். அந்த எஃகு அலமாரியை ஒருகணம் நினைத்துப் பார்த்துவிட்டு, கையை இன்னும் சற்று உரக்கத் தட்டுங்கள்.